களப்பணி செய்த ஆர்க்கிடெக்ட் மென்பொருள் நிறுவனம் தொடங்க: ஒரு நடைமுறை வழிகாட்டி

ஆர்க்கிடெக்சர் படித்து, மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலோ கிராமத்து வீட்டுத் திட்டங்களிலோ சில வருடம் ஓடியாடி வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வரும்: ஒரே கணக்கை எத்தனை வீட்டுக்குத்தான் கையால் போடுவது, இதற்கு ஒரு சாஃப்ட்வேர் செய்தால் என்ன? நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். அதே யோசனையோடு வரும் இளையவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சட்டம், நிதி பற்றிய பகுதிகள் இந்தியாவுக்கும் குறிப்பாகத் தமிழ்நாட்டுக்கும் உரியவை.

பணமும் காகிதமும் எந்த இடத்தில் சிக்கி நிற்கின்றன என்பதை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கையில் உள்ள பெரிய சொத்து அதுதான். வரையத் தெரிந்தது அதற்குப் பிறகுதான் வரும். லிண்டல் மட்டத்தோடு, அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே வரும் உத்தரத்தோடு, ஒரு வீடு ஏன் மாதக்கணக்கில் நின்றுபோகிறது என்பது நல்ல புரோகிராமர் பலருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த அறிவைச் சிதறவிடாமல் தொழிலாக்குவதற்கானவை.

முதல் படி: பழைய ஃபைல்களைப் பிரித்துப் பாருங்கள்

புதிதாக ஐடியா தேட வேண்டாம். கடந்த சில வருடங்களின் புராஜெக்ட் ஃபோல்டர்கள், சைட் நோட்டுகள், வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். ஏறக்குறைய ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். மதிப்பீடு போட்டது, கட்டம் கட்டமாகப் புகைப்படம் சேகரித்தது, பயனாளியின் பத்திரம் சரிபார்த்தது, கோணல் மனைக்கு ஏற்ப ஒரே பிளானை மாற்றி மாற்றி வரைந்தது, மேஸ்திரி கொடுத்த பில்லை அளவோடு ஒப்பிட்டது என்று பட்டியல் நீளும்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இது தவறினால் யாருடைய பணம் போகிறது? அடுத்த வருடமும் இந்த வேலை இருக்குமா? இது எந்த அரசாணையை நம்பி நிற்கிறது?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு ஒற்றைச்சாளர இணையதளத்தில் உடனடியாக அனுமதி பெறலாம். அதுவரை சிறிய வீட்டுக்கான அனுமதி விண்ணப்பத்தை நிரப்பித் தருவதையே பொருளாக விற்ற ஒருவர் இருந்திருந்தால், அவர் தொழிலின் பெரும்பகுதி அந்த ஓர் ஆணையோடு போயிருக்கும். ஒரே ஒரு படிவத்தை நம்பிய மென்பொருளை நான் ஊக்குவிப்பதில்லை. கான்கிரீட்டின் அளவு, கம்பியின் எடை, கூலியாளின் வாரக் கணக்கு போன்றவை அரசாணையால் மாறுவதில்லை. தொடங்க அவை நல்ல இடம்.

ஒரு எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். தமிழ்நாடு அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டமான கலைஞரின் கனவு இல்லத்தில் வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. வீட்டுக்கு ரூ.3.5 லட்சம், கட்டம் கட்டமாக வரும். கூரையை ஐந்து அங்குல கனத்தில் போட்டால் 125 கன அடி, அதாவது சுமார் 3.54 கன மீட்டர் கான்கிரீட். 1:1½:3 கலவைக்குக் கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமெண்ட் என்று வைத்தால் 28 மூட்டை. சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் தற்காலிகப் பலகை) மட்டம் ஒழுங்காகப் பார்க்காமல், அல்லது "கனமா போட்டாத்தான் நல்லதும்மா" என்று மேஸ்திரி சொன்னதைக் கேட்டு, அது ஆறு அங்குலமாகிவிட்டால் 150 கன அடி, 34 மூட்டை. ஆறு மூட்டை சிமெண்டும் அதற்கேற்ற ஜல்லியும் எம்-சாண்டும் கூடுதல். கான்கிரீட் போடும் நாள் காலையில் அந்த ஆறு மூட்டைக்காகக் கடையில் கடன் சொல்லும் பெண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூரையின் பாரமும் தேவையில்லாமல் கூடுகிறது.

சென்ட்ரிங் அடித்து முடித்ததும் நாலைந்து இடத்தில் அளந்து போனில் பதிந்தால், எத்தனை மூட்டை வேண்டும், எந்த மூலையில் மட்டம் தவறியிருக்கிறது என்று தமிழில் சொல்லும் ஒரு சிறு கருவி. மென்பொருளாகப் பார்த்தால் மிக எளிய விஷயம். ஆனால் அதை எந்த நாளில், யார் கையில் கொடுக்க வேண்டும் என்பது களத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். கட்டுரை முழுக்க இந்தக் கருவியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: பணம் தரப்போவது யார் என்று முடிவு செய்யுங்கள்

களப்பணியில் நாம் பயனாளியைப் பற்றியே யோசித்துப் பழகியவர்கள். செலவை ஏதோ ஒரு நிதி பார்த்துக்கொள்ளும். நிறுவனம் தொடங்கும்போது இந்தப் பழக்கம்தான் பெரிய தடை. பயன்படுத்துகிறவரும் பணம் தருகிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் இரண்டாமவர் யார் என்று தெரியாமல் ஒரு வரி புரோகிராம் கூட எழுத வேண்டாம்.

நம் கூரைக் கருவிக்கு யார் யார் பணம் தரலாம்? வீட்டுக்காரர் வாழ்க்கையில் ஒரு முறைதான் வீடு கட்டுகிறார். அவரிடம் மாதச் சந்தா கேட்க முடியாது. மேஸ்திரி வருடத்துக்குப் பல வீடு கட்டுகிறார், ஆனால் கூடுதல் மூட்டையின் செலவு அவருடையது அல்ல. மொத்த ஒப்பந்தத்தில், அதாவது பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கும் சிறு கான்ட்ராக்டருக்கு அந்த ஆறு மூட்டை நேராகத் தன் பையிலிருந்து போகிறது. அவர் தருவார். கட்டுமானக் கடனைக் கட்டம் கட்டமாக விடுவிக்கும் வீட்டுக்கடன் நிறுவனத்துக்கு, வேலை எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் வேண்டும். அதற்காக இன்ஜினியரை அனுப்பிச் செலவழிக்கிறது. அதுவும் தரும்.

பயன்பாடு ஒன்றுதான், பணம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கேற்பப் பொருள் முழுவதும் மாறும். கான்ட்ராக்டருக்கு விற்றால் பொருள் கணக்கு முக்கியம். கடன் நிறுவனத்துக்கு விற்றால் புகைப்படத்தின் நேரமும் இடமும் முக்கியம். இரண்டையும் ஒரே வருடத்தில் செய்யப் போகாதீர்கள்.

நார்வேயின் ஆஸ்லோவில் 2016-இல் தொடங்கிய ஸ்பேஸ்மேக்கர் இதற்கு நல்ல பாடம். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஹோவர்ட் ஹவுகெலாண்ட் ஒரு ஆர்க்கிடெக்ட். ஒரு மனையில் எத்தனை வீடு வைக்கலாம், வெயில் எவ்வளவு விழும், சாலை இரைச்சல் எந்த ஜன்னலுக்கு வரும் என்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள் அது. மனையில் பெரும் பணத்தைப் போடும் கட்டுமான நிறுவனங்களுக்கு அந்தத் தொடக்க நேரத்து முடிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஸ்பேஸ்மேக்கர் அவர்களையும் வாடிக்கையாளராக்கிக்கொண்டது. 2020 நவம்பரில் வரைபட மென்பொருள் நிறுவனமான ஆட்டோடெஸ்க் அதை 240 மில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. நம்முடைய அளவு வேறு. பணம் பணயம் வைக்கப்படும் இடத்தில் போய் நிற்க வேண்டும் என்பது நமக்கும் பொருந்தும்.

அரசை முதல் வாடிக்கையாளராக வைத்துத் திட்டம் போடாதீர்கள். களப்பணியில் அதிகாரிகள் பழக்கமாகியிருப்பார்கள், "நல்ல யோசனை, செய்யுங்க" என்றும் சொல்வார்கள். ஆனால் டெண்டர், ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளம், தணிக்கை எல்லாம் கடந்து பணம் கைக்கு வருவதற்குள் சிறு நிறுவனத்தின் மூச்சு நின்றுவிடும். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனால் கதை முதலிலிருந்து தொடங்கும். இரண்டு மூன்று வருடம் தனியார் வாடிக்கையாளர்களோடு நின்ற பிறகு அரசிடம் போவது நல்லது.

மூன்றாம் படி: தனித்தனியாகப் பேசுங்கள்

ஊர்க்கூட்டம் நடத்துவதில் நமக்கு நல்ல அனுபவம் உண்டு. இந்த வேலைக்கு அது உதவாது. கூட்டத்தில் யாரும் உங்கள் முகத்துக்கு நேரே "இது எனக்கு வேண்டாம் சார்" என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் மனம் நோகக் கூடாது என்று தலையாட்டுவார்கள். கான்ட்ராக்டர்களைத் தனித்தனியாகப் பாருங்கள். சனிக்கிழமை மாலை வாரக்கூலி பட்டுவாடா நேரம், அப்போது போகாதீர்கள். காலை பதினொரு மணி டீ நேரத்தில் சைட்டிலேயே பிடியுங்கள்.

"இப்படி ஒரு ஆப் இருந்தால் பயன்படுத்துவீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்பார். அந்த ஆமாமுக்கு மதிப்பில்லை. நடந்ததைக் கேளுங்கள்: "போன கூரைக்கு எத்தனை மூட்டை கேட்டு வாங்கினீங்க? எத்தனை மிஞ்சியது, இல்லை பத்தாமல் போனதா? அப்போ என்ன செஞ்சீங்க? கணக்கை எதில் எழுதி வெச்சிருக்கீங்க, பார்க்கலாமா?" அவர் சட்டைப் பையிலிருந்து எடுக்கும் சின்ன நோட்டில்தான் உங்கள் மென்பொருளின் முதல் வடிவம் இருக்கிறது. எந்தக் கணக்கை அவர் தவறாமல் எழுதுகிறார், எதை எழுதுவதே இல்லை என்று பாருங்கள். எழுதாமல் விட்டது அவருக்குத் தேவைப்படாததாக இருக்கலாம். எழுதவே நேரமில்லாததாகவும் இருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார்.

இருபது முப்பது பேரிடம் பேசினால் ஒரே குறை வேறு வேறு வார்த்தையில் திரும்ப வரும். வரவில்லை என்றால் பட்டியலில் அடுத்த வேலைக்குப் போங்கள். இதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும், ஆகட்டும்.

நான்காம் படி: ஆப் செய்வதற்கு முன்பே சேவையைக் கொடுங்கள்

கான்ட்ராக்டர் அளவுகளை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பட்டும். நீங்கள் கூகுள் ஷீட்டில் போட்டு, பத்து நிமிடத்தில் மூட்டைக் கணக்கைத் தமிழில் திருப்பி அனுப்புங்கள். பின்னால் இருப்பது மென்பொருளா நீங்களா என்பது அவருக்கு முக்கியமில்லை. முதல் நாளிலிருந்தே சிறு தொகையாவது வாங்குங்கள். இருநூறு ரூபாய் ஜிபேயில் போட்டவர் சொல்லும் குறையும் இலவசமாக வாங்கியவர் சொல்லும் குறையும் ஒன்றல்ல.

இந்தக் கட்டத்தில் உங்களுக்குத் தேவையான கருவிகள் பெரும்பாலும் இலவசம். சிக்னல் இல்லாத ஊரிலும் விவரம் சேகரிக்க கோபோ டூல்பாக்ஸ், வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ், அடிப்படைத் தெருப்படத்துக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப். ஏ.ஐ. கருவிகளிடம் தெளிவாகச் சொன்னால் காட்டிப் பார்க்கும் அளவுக்கு முதல் மாதிரியை நீங்களே செய்துவிடலாம். பைத்தான் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். கணக்குகளை இணைத்து வடிவம் உருவாக்கும் கிராஸ்ஹாப்பர் மென்பொருளில் வேலை செய்தவர்களுக்குப் பாதி வழி ஏற்கெனவே தெரியும்.

கையால் செய்யும் இந்த மாதங்களில்தான் மேசையில் உட்கார்ந்து யோசித்தால் தோன்றாத விஷயங்கள் தெரியவரும். அளவு அலகு அவற்றில் முதலாவது. நம் பாடத்தில் மீட்டர், மில்லிமீட்டர். சைட்டில் நீளம் அடியிலும் அங்குலத்திலும், கம்பியின் விட்டம் மட்டும் மில்லிமீட்டரில், எம்-சாண்ட் யூனிட்டில், ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி, செங்கல் லோடில், கம்பி கிலோவில், மனை ஊரில் சென்ட்டில், சென்னையில் கிரவுண்டில். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஒரே மனிதர் ஒரே வாக்கியத்தில் இவற்றில் மூன்றைச் சொல்வார். அவரை மீட்டருக்கு மாற்றச் சொல்லும் மென்பொருள் இரண்டாம் நாளே போனிலிருந்து காணாமல் போகும். அவர் சொல்வதை அப்படியே வாங்கிக்கொண்டு உள்ளே மாற்றிக்கொள்வது உங்கள் வேலை.

பருவமும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழையில் அஸ்திவாரம் தோண்டுவது குறையும், மார்கழியில் புது வேலை தொடங்குகிறவர்கள் குறைவு. தை பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். ஐப்பசியில் வாடிக்கையாளர் குறைந்ததைப் பார்த்து மனம் விட்டுவிட வேண்டாம். தையில் கூடியதைப் பார்த்து ஆள் எடுக்கவும் வேண்டாம். ஒரு முழு வருடத்தைப் பார்த்த பிறகு வளர்ச்சியைக் கணக்கிடுங்கள்.

ஐந்தாம் படி: ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்வதை நிறுத்துங்கள்

ஆர்க்கிடெக்டுக்கு இதைவிடக் கடினமான படி வேறில்லை. ஒவ்வொரு மனைக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக யோசி என்றுதான் நம்மைப் பயிற்றுவித்தார்கள். களப்பணியும் அதையே கேட்டது. மென்பொருளில் அதே குணத்தோடு இருந்தால் முதல் பத்து வாடிக்கையாளருக்குப் பத்து வேறு பொருள் செய்து கொடுத்துவிட்டு, நிறுவனம் என்ற பெயரில் ஒரு ஃப்ரீலான்சராக மாறிவிடுவீர்கள்.

நான் சொல்லும் விதி எளியது. ஒருவர் கேட்டால் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கொருவர் தெரியாத மூன்று பேர் அதையே கேட்டால் செய்யுங்கள். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கூடுதல் பணம் தருகிறேன், எனக்கு மட்டும் இதைச் செய்து கொடு என்றால், மற்றவர்களுக்கும் கொடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கும்படி ஒப்பந்தம் எழுதினால் மட்டும் செய்யுங்கள்.

கட்டணமும் இங்கேதான் முடிவாகும். வேலையின் மதிப்பில் சதவீதம், கட்டத்துக்குக் கட்டம் கட்டணம் என்று வாங்கிப் பழகிய நமக்கு மாதம் ரூ.500 என்பது விளையாட்டாகத் தெரியும். கணக்குப் போடுங்கள். நூறு கான்ட்ராக்டர் என்றால் மாதம் ரூ.50,000. நல்ல புரோகிராமர் ஒருவரின் சம்பளத்துக்குக் கூடப் போதாது. ஆயிரம் பேர் என்றால் ரூ.5 லட்சம், ஐந்தாறு பேர் கொண்ட சிறு நிறுவனம் நடக்கும். ஆயிரம் பேரை எப்படிச் சென்று சேர்வீர்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். சிமெண்ட் விற்கும் ஹார்டுவேர் கடை வழியாகவா, சென்ட்ரிங் வாடகைக்கு விடுபவர் வழியாகவா? பதில் இல்லையென்றால் மாதம் ரூ.20,000 தரக்கூடிய முப்பது நாற்பது நடுத்தர நிறுவனங்களைத் தேடுங்கள். இரண்டும் வேறு வேறு தொழில்.

ஒரு சிறு எச்சரிக்கை: மென்பொருள் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு கான்ட்ராக்டர் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாது. அவருக்கு ரூ.500 என்பது ரூ.590. விலை சொல்லும்போது முழுத் தொகையையே சொல்லுங்கள்.

ஆறாம் படி: கூட்டாளி

புரோகிராம் எழுதத் தெரிந்த ஒருவர் சம்பளத்துக்கு இல்லாமல் பங்குதாரராக உள்ளே இருப்பது நல்லது. வெளி ஏஜென்சியிடம் மொத்தமாகக் கொடுத்தால் முதல் வடிவம் கிடைக்கும். நாலாவது மாதம் வாடிக்கையாளர் சொல்லும் சிறு மாற்றத்துக்கு மறுபடியும் கொட்டேஷன் வரும்.

பங்கைப் பிரிக்கும்போது நான்கு வருடத்தில் படிப்படியாகச் சேரும்படி, முதல் வருடம் முடியுமுன் விலகினால் எதுவும் இல்லை என்று எழுத்தில் வையுங்கள். நண்பர்களிடம் காகிதம் எதற்கு என்று கூச்சப்படுவது நம் ஊர் வழக்கம். அந்தக் காகிதம் நட்பையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது.

அவரை மாதத்தில் இரண்டு நாளாவது சைட்டுக்கு அழைத்துப் போங்கள். வெயிலில் போன் திரை தெரியாமல் மேஸ்திரி கையால் மறைத்துப் பார்ப்பதையும், சிமெண்ட் ஒட்டிய விரல் திரையில் பதியாததையும் ஒரு முறை நேரில் பார்த்தவர் பிறகு சின்னப் பொத்தான் வைக்க மாட்டார்.

ஏழாம் படி: மக்களின் விவரங்களை எப்படி வைத்துக்கொள்வது

நீண்ட நேரம் இதைப் பற்றிப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் களப்பணியிலிருந்து வருகிறவர்களுக்கே உரிய ஆபத்து இது. உங்களிடம் பழைய கணக்கெடுப்புகள் இருக்கும். குடும்பத் தலைவர் பெயர், ஆதார் எண், வீட்டின் உள்ளே எடுத்த படங்கள், யாருக்குப் பட்டா உண்டு யாருக்கு இல்லை என்ற குறிப்பு. முதலீட்டாளர் ஒருவர் "இந்த டேட்டா பெரிய சொத்தாச்சே" என்பார். அது உங்கள் சொத்து இல்லை. வீடு கட்ட உதவுவதாகச் சொல்லி வாங்கியது. அந்த நம்பிக்கையில்தான் கதவைத் திறந்தார்கள்.

புறம்போக்கில் இருக்கும் குடியிருப்பின் வரைபடமும் பெயர்ப் பட்டியலும் ஒன்று சேர்ந்தால், அதே கோப்பு வீடு ஒதுக்கவும் உதவும், அகற்றவும் உதவும். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1985-இல் பம்பாயில் ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பு நடைபாதைவாசிகளின் கணக்கெடுப்பை அந்த மக்களோடு சேர்ந்தே எடுத்தது. அகற்றல் அச்சுறுத்தல் இருந்த காலம் அது. எண்ணிக்கை அவர்கள் கையிலேயே இருந்ததால் பேச்சுவார்த்தையில் அது அவர்களுக்குப் பலமானது. உங்கள் மென்பொருளின் வடிவமைப்பிலும் அந்த வரிசை இருக்க வேண்டும்: விவரம் முதலில் வீட்டுக்காரர் கையில், பிறகு அவர் சம்மதித்த மற்றவர்களிடம்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை சில. பழைய அமைப்பில் சேகரித்த விவரத்தைப் புது நிறுவனத்துக்குக் கொண்டுவராதீர்கள். தேவையென்றால் புதிதாகச் சம்மதம் வாங்கிச் சேகரியுங்கள். தேவையில்லாததைக் கேட்கவே வேண்டாம்: மூட்டைக் கணக்குக்கு ஆதார் எதற்கு? கான்ட்ராக்டர் அனுப்பும் புகைப்படத்தில் குடும்பத்தினர் முகம் இருந்தால் மறைக்கும் வசதி வையுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சம்மத அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது சட்டம். ஆக, தமிழில் தருவது உங்கள் கடமை. மீறலுக்கு அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து இதைச் செய்ய வேண்டாம். அந்தத் தெருவில் நாளைக்கும் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதற்காகச் செய்யுங்கள்.

எட்டாம் படி: பதிவும் சட்டமும்

1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி ஆர்க்கிடெக்ட் என்ற பட்டம் தனிநபருக்கு உரியது. நிறுவனம் அப்படிப் பதிவு செய்துகொள்ள முடியாது. 1989-ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்க விதிகள், தம் தொழில்முறைச் சேவையை விளம்பரப்படுத்துவதை ஆர்க்கிடெக்டுகளுக்குத் தடை செய்கின்றன. எனவே மென்பொருளை விற்கும் நிறுவனம் வேறு, உங்கள் பிராக்டிஸ் வேறு என்று தெளிவாகப் பிரித்து வையுங்கள். மென்பொருளின் விளம்பரத்தில் "எங்கள் ஆர்க்கிடெக்ட் உங்கள் வீட்டை வடிவமைத்துத் தருவார்" என்று எழுதப் போகாதீர்கள். ஆர்க்கிடெக்சர் கவுன்சில் பதிவை மட்டும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

வெளி முதலீடு வாங்கும் எண்ணம் இருந்தால் பிரைவேட் லிமிடெட். குறைந்தது இரண்டு பங்குதாரர்கள், இரண்டு இயக்குநர்கள் வேண்டும். வருமானமே இல்லாத வருடத்திலும் தணிக்கை கட்டாயம் என்பதை முன்கூட்டியே செலவில் சேருங்கள். முதலீடு வேண்டாம், கிடைக்கும் வருமானத்தில் நடத்துகிறோம் என்றால் எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) போதும்.

தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது செய்த கையேடு, கணக்குத்தாள், வரைபடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஊழியர் வேலையின் பகுதியாக உருவாக்கியவை முதலாளி அமைப்புக்கே சொந்தம். பயன்படுத்த வேண்டுமானால் விலகும்போதே ஒரு அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள். நல்ல உறவு இருக்கும் நேரத்தில் ஒரு பக்கத்தில் முடிகிற வேலை. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு அந்தப் பணத்தை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தம் சொல்கிறது. அதனால் பழைய அமைப்பு மானியத்திலிருந்து உங்களுக்குத் தொடக்க நிதி தரும் என்று எண்ணாதீர்கள். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணமும் லாப நோக்குள்ள உங்கள் நிறுவனத்துக்கு நேராக வராது.

ஒன்பதாம் படி: பணம் திரட்டுதல்

முதலில் வாடிக்கையாளர் பணம். பிறகு தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கத்தின் டான்சீட் மானியம். தமிழ்நாட்டில் பதிவான தொடக்க நிலை நிறுவனங்களுக்கு ரூ.10 லட்சம் வரையும், பெண்கள் தலைமை ஏற்பது போன்ற சில பிரிவுகளுக்கு ரூ.15 லட்சம் வரையும் கொடுத்திருக்கிறார்கள். சுற்றுக்குச் சுற்று விதி மாறும், அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்தையும் இணையத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். பல திட்டங்களுக்கு அது நுழைவுச்சீட்டு. சமூகப் பயன் உள்ள தொழில்களை வளர்த்துவிடும் வில்க்ரோ சென்னையில்தான் இருக்கிறது, 2001-இலிருந்து. புது நிறுவனங்களுக்குக் கைகொடுக்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் இன்குபேஷன் செல்லையும் அணுகிப் பாருங்கள்.

மானியத்தை மட்டுமே நம்பி நடத்தும் பழக்கத்தை மட்டும் உடன் கொண்டுவராதீர்கள். ஆர்க்கிடெக்சர் ஃபார் ஹியூமானிட்டி 1999-இல் தொடங்கி உலகெங்கும் பேரிடர்க் கட்டுமானத்தில் பேர் வாங்கிய அமைப்பு. நிதி நெருக்கடியில் 2015 ஜனவரியில் தலைமையகத்தை மூடித் திவாலானது. வேலையின் தரத்தில் குறையில்லை. அலுவலகத்தின் மாதச் செலவைத் தாங்கும் நிலையான வரவு வேண்டும், அது திட்ட நிதியிலிருந்து வராது.

பெரிய முதலீட்டாளர்கள் ஏழெட்டு வருடத்தில் பலமடங்கு திரும்ப வர வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள். சிறு கான்ட்ராக்டருக்கான கருவி அந்த வேகத்தில் வளராமல் போகலாம். வளராவிட்டாலும் அது நல்ல தொழிலாக இருக்க முடியும். அந்த வேகம் உங்கள் பொருளுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிட்டு அவர்கள் கதவைத் தட்டுங்கள்.

பத்தாம் படி: இருக்கும் வேலையை விடுவது

வேலையை உடனே விடாதீர்கள். நான்காம் படியில் சொன்ன கைவேலைச் சேவையைப் பணம் கொடுத்துத் தொடர்ந்து வாங்குகிறவர்கள் பத்துப் பேராவது சேரும்வரை பிராக்டிஸும் ஓடட்டும். குடும்பச் செலவுக்குப் பன்னிரண்டு மாதப் பணம் தனியாக எடுத்து வைத்த பிறகு முழுநேரமாக இறங்குங்கள். நடந்துகொண்டிருக்கும் சைட்டுகளில் கூரை போடாத வீடு எதையும் பாதியில் விட்டுவிட்டு வராதீர்கள். அங்கே யார் இனி மட்டம் பார்ப்பார்கள், கம்பி கட்டியதை யார் சரிபார்ப்பார்கள் என்று வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் முன்னால் வைத்து ஒருவரை அறிமுகம் செய்யுங்கள். அவருடைய எண்ணை வீட்டுக்காரரின் போனில் நீங்களே சேமித்துக் கொடுங்கள். வரைபடங்களின் கடைசிப் பிரதி, வாங்கிய பொருளின் ரசீதுகள், மீதமுள்ள கட்டப் பணத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்ற பட்டியல் மூன்றையும் ஒரு உறையில் போட்டு வீட்டுக்காரர் கையில் தந்துவிட்டு வாருங்கள்.